ஏழாம் எண்: வால்வு மூடப்பட்டது

சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றின் கீழே, இரண்டு கார்களுக்கான இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு மோட்டார்ஹோம் நிற்கிறது. ஜப்பானில் யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டு அனுப்பிய வண்டி. உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, சன்னலுக்குப் பூப்போட்ட திரை உண்டு. உட்கார்ந்தால் கதவு மூடாத, கதவை மூடினால் உட்கார முடியாத ஒரு கழிப்பறையும் உண்டு. ஊர் ஊராகப் போய் வாழ்வதற்கென்றே செய்யப்பட்ட இந்த வீடு, வாங்கிய இரண்டு ஆண்டுகளில் ஒரு தடவைகூடத் தீவை விட்டுப் பாலம் தாண்டியதில்லை. அது போன மிகத் தொலைவான ஊர் பாலிக் பூலாவ். டுரியான் சாப்பிடப் போன பயணம். வாசம் மெத்தையில் ஏறிவிடும் என்ற பயத்தில் வெளியே நின்றே சாப்பிட்டுவிட்டு, பிற்பகலே திரும்பிவிட்டார்கள்.

உரிமையாளர் பெயர் அப்புத்துரை. வயது அறுபத்தாறு. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "கிரீன் லேன் பக்கம்" என்பார். வசதியானவர்களின் பேட்டை அது. சுங்கை பினாங் என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும். அவருடைய அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். அப்பாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் கிளார்க். மையைத் தவிர வேறெந்தக் கறையும் படாத கைகள் என்று அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்புத்துரை அந்தப் பெருமையை மேலும் ஒரு படி உயர்த்தினார். அவர் கையில் மையும் அதிகம் படாமல் பார்த்துக்கொண்டார்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருந்தார். மணிக்கு ஒரு தடவை நடந்து போய் அடுப்பின் வெப்பநிலையைப் பார்த்து, தாளில் எழுதி, டிக் போட்டு, கையெழுத்திட வேண்டும். ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். அப்புத்துரை காலை ஏழு மணிக்கு வந்ததும் பன்னிரண்டையும் நிரப்பிவிடுவார். இரவு ஏழு மணியின் வெப்பநிலை என்ன என்பது காலை ஏழேகாலுக்கே அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்காகச் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். ஒன்று நீலம், ஒன்று கொஞ்சம் வெளிறிய நீலம். ஒரே பேனாவில் எழுதினால் தணிக்கைக்கு வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? மனிதர் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஏமாற்றுக்கு அவர் கொடுத்த உழைப்பில் பாதி கொடுத்திருந்தால் உண்மையாகவே பன்னிரண்டு தடவை நடந்திருக்கலாம்.

ஒரு நாள் பதினொரு மணிக்கு அடுப்பு பழுதானது. அந்த உற்பத்தி வரிசையில் வேலை செய்த நல்லம்மாள் என்ற பெண் கண்ணால் பார்த்து, தானாகவே இயந்திரத்தை நிறுத்தினார். தாளிலோ மாலை நான்கு மணி வரைக்கும், அதற்கு அப்பாலும், எல்லாம் சரியாக இருந்தது. கேட்காமல் நிறுத்தியதற்கு நல்லம்மாளுக்கு வசவு கிடைத்தது. பதிவேடுகளைச் சிறப்பாகப் பராமரித்ததற்கு அப்புத்துரைக்கு ஆண்டு இறுதியில் சான்றிதழ் கிடைத்தது. அது இப்போது மோட்டார்ஹோமில், கழிப்பறைக் கதவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. பொருத்தமான இடம்.

அவர் மனைவி புஷ்பராணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்தார். குடும்பத்தின் பழைய காடியை, அதாவது காரை, இருபது வருடம் பெங்கெல் என்ற பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோனது அவர்தான். எண்ணெய் வாடை அப்புத்துரைக்குத் தலைவலி தரும். பெங்கெலில் மெக்கானிக் சுலைமான் வேலை செய்வதை முக்காலியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே புஷ்பராணி பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

வண்டி பாலம் தாண்ட வேண்டிய நாள் கடைசியில் வந்தே விட்டது. குவாந்தானில் புஷ்பராணியின் தங்கை லோகேஸ்வரியின் மகளுக்குக் கல்யாணம். ஞாயிறு காலை பத்து மணிக்கு முகூர்த்தம். லோகேஸ்வரியின் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. கணவன் போனதும் பெற்ற தாய்க்கு மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் தகுதியும் போய்விடுகிறதாம். அதற்குத் தம்பதியாக நிற்க வேண்டும். அப்புத்துரை உயிரோடு இருக்கிறார் என்பதால் அவருக்கு அந்தத் தகுதி இருக்கிறது. வேறு தகுதி எதையும் யாரும் கேட்பதில்லை.

இவர்கள் போய்ச் சேராவிட்டால், இறந்தவரின் அண்ணனும் அவர் மனைவியும் நிற்பார்கள். தம்பியின் சாவு வீட்டில் லோகேஸ்வரியைச் சபையில் வைத்துத் திட்டிவிட்டுப் போனவர் அந்த அண்ணன். கூப்பிட்டால் மேடையில் நிற்கிறேன், ஆனால் அவள் நேரில் வந்து கூப்பிட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

லோகேஸ்வரி தொலைபேசியில் சொன்னாள். "அக்கா, நீங்க வராட்டி நான் அந்த மனுசன்ட வாசல்ல போய் நிக்கணும். அத்தான கொஞ்சம் சீக்கிரம் கிளப்புங்க."

"சனிக்கிழமை காலம்பற ஆறு மணிக்கு வெளிக்கிடுவம். நான் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார் புஷ்பராணி.

பஸ்ஸில் போய்விடலாம் என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "வீட்டையே சக்கரத்தில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல போறதா? யாராச்சும் சிரிப்பாங்க," என்றார் அப்புத்துரை. ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருப்பவர்களை அவர் கணக்கில் எடுத்ததில்லை. ஆகவே சீர்த்தட்டுகள், குத்துவிளக்கு, நானூறு பயற்றம் பணியாரம் எல்லாம் வண்டியில் ஏறின. ஏறிய பிறகுதான், இவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். மாற்றும்போதே வால்வும் பொருத்த வேண்டும் என்றார்.

வால்வு என்பது இதுதான். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியில் ஒரு ஓட்டை இருக்கும். அதை ஒரு நட்டு அடைத்துக்கொண்டிருக்கும். பழைய எண்ணெயை வடிக்க அந்த நட்டைக் கழற்ற வேண்டும். அதற்குப் பதிலாக லீவர் வைத்த ஒரு சின்னப் பித்தளை வால்வை நிரந்தரமாகப் பொருத்திவிடலாம். லீவரைத் தூக்கித் திருப்பினால் வடியும், திரும்பத் திருப்பினால் நிற்கும். நல்ல பொருள். விவரமானவர்கள் கையில் இருபது வருடம் உழைக்கும்.

அப்புத்துரை இதைப் பற்றி ஏழு மாதம் படித்திருந்தார். வீடியோக்கள் பார்த்தார். கோப்பு ஒன்று திறந்து பிரித்துப் பிரித்து அடுக்கினார். கடைசியில் வால்வு தபாலில் வந்தபோது, புது மருமகளைக் காட்டுவது போல அடுக்குமாடியில் எல்லாருக்கும் காட்டினார். பக்கத்து வீட்டுச் சந்திரசேகரன் மட்டும் வாய்விட்டுக் கேட்டார். "ரொம்ப அழகா இருக்குண்ணே. வண்டிய எப்ப எடுப்பீங்க? என் காடி ரெண்டு வருசமா ரோட்டுல நிக்குது லா."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சுலைமான் வந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து நேராக மோட்டார் சைக்கிளில் வந்தவர், தொப்பியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வால்வைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு நட்டு. அவுத்தா ஊத்தும், மாட்டுனா நிக்கும். இதுக்கு எதுக்கு ஏழு மாசம் படிப்பு?"

"உனக்குப் புரியாது சுலைமான். ஒவ்வொரு தடவ அவுக்கிறப்பவும் மரை தேயும். ஒரு நாள் பிடிக்காமப் போகும். இது அப்படியில்ல. படுக்க வேணாம், ஸ்பேனர் வேணாம், கைல ஒரு சொட்டுப் படாது."

"உங்க கைல எப்பண்ணே பட்டுச்சு?"

புஷ்பராணி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுலைமான் வண்டிக்கு அடியில் நுழைந்து, பழைய எண்ணெயை வடித்து, நட்டு இருந்த இடத்தில் வால்வை முறுக்கிவிட்டு வெளியே வந்தார். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அதுவரை அப்புத்துரை அட்டைப்பலகையில் செருகிய தாளோடு நின்று மேற்பார்வை செய்தார். தாளில் செய்ய வேண்டிய வேலைகள் இருபத்திரண்டு எண் போட்டு இருந்தன.

"லீவர மூடிட்டுப் புது எண்ணெய ஊத்திடுவோம்ணே. பத்து நிமிசம். நிம்மதியாத் தூங்கலாம்."

"வேணாம். கடைசிச் சொட்டு வரைக்கும் வடியணும். ராத்திரி முழுக்கத் திறந்தே இருக்கட்டும்னு போட்டிருக்கான். காலைல நானே மூடிட்டு நானே ஊத்துறேன்."

"எவன் போட்டிருக்கான்?"

"படிச்சவன்."

சுலைமான் மறுபடி குனிந்தார். வால்வின் வாயில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை அப்புத்துரை கொடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் கேனுக்குள் விட்டார். அடுக்குமாடிச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்த, பாத்திரம் கழுவும் சவர்க்காரக் கேன் அது.

"காலைல மூட மறந்துடாதீங்கண்ணே. நட்டுன்னா கைல கனக்கும், மாட்டலைன்னு தெரியும். இது சத்தம் போடாது."

"லிஸ்ட்ல இருக்கு. ஏழாம் நம்பர்."

சுலைமான் கழற்றிய நட்டைத் துணியில் துடைத்துப் புஷ்பராணியிடம் நீட்டினார். "அக்கா, இதப் பத்திரமா வைங்க." புஷ்பராணி அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை, பணியாரத்தில் இரண்டை எடுத்துத் தின்றுகொண்டே அப்புத்துரை மறுநாளின் வேலையை முடித்தார். முடித்தார் என்றால், தாளில் முடித்தார். ஏழு, வால்வு மூடப்பட்டது, காலை 5.10, டிக், கையெழுத்து. எட்டு, புது எண்ணெய் ஏழு லிட்டர் ஊற்றப்பட்டது, காலை 5.20, டிக், கையெழுத்து. ஒன்பது, எண்ணெய் அளவுக் கம்பி பார்க்கப்பட்டது, அளவு சரி, காலை 5.35. அதற்கு வெளிறிய நீலப் பேனாவை எடுத்தார். தணிக்கைக்கு யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். சில பேர் தனியாகச் சாப்பிட்டாலும் வாயைத் துடைத்துக்கொள்வார்கள் இல்லையா, அது மாதிரி.

சனிக்கிழமை காலை, விளக்கடியில் நின்று தாளைப் பார்த்தார். ஏழில் டிக் இருந்தது. ஏழில் டிக் இருந்தால் அடுத்தது எட்டு. எஞ்சின் மூடியைத் திறந்து, புனல் வைத்து, ஏழு லிட்டர் விலை உயர்ந்த எண்ணெயை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். அபிஷேகம் செய்வது மாதிரி நிதானமாக ஊற்றினார். மேலே போனது எஞ்சின் முழுக்க நனைத்து, தொட்டிக்கு வந்து, திறந்திருந்த வால்வு வழியாக, குழாய் வழியாக, சவர்க்காரக் கேனுக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. சொன்ன மாதிரியே அவர் கையில் ஒரு சொட்டுப் படவில்லை. தரையிலும் படவில்லை. அவ்வளவு சுத்தமான வால்வு.

ஆறு மணிக்குக் கடைசித் தட்டோடு கீழே வந்த புஷ்பராணி, வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து செருப்பைச் சரிசெய்தபோது கேனைப் பார்த்தார். முதல் நாள் மாலை அடியில் ஒரு விரல்கூட இல்லாத கேன், இப்போது கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை இருந்தது. தேன் நிறம்.

"இஞ்ச பாருங்கோ." தங்கையோடு பேசும்போதும் கோபம் வரும்போதும் மட்டும் அவர் பேச்சில் யாழ்ப்பாணம் தலைகாட்டும். "இது என்ன?"

அப்புத்துரை ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். "பழைய எண்ணெய். ராத்திரி வடிஞ்சது."

"பழசு கறுப்பெல்லோ. நேற்று சுலைமான் வடிச்சது கரியாட்டம் இருந்தது."

"கடைசிச் சொட்டு கொஞ்சம் வெளுப்பா இருக்கும்."

"ஏழு லிட்டர் கடைசிச் சொட்டா?"

அப்புத்துரை தாளை எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினார். "பாரு. ஏழு. மூடியாச்சு. டைம் போட்டுக் கையெழுத்தும் இருக்கு."

"தாளில மூடியிருக்கு. கீழ மூடியிருக்கோ?"

"லிஸ்ட்டுக்கு மேல உனக்கு என்ன தெரியும்? நேரமாகுது, ஏறு."

புஷ்பராணி ஏறவில்லை. முன்னால் போய், இன்னும் பூட்டாமல் இருந்த எஞ்சின் மூடியைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவி, கைக்குட்டையில் துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப உருவினார். கம்பியின் நுனி உலர்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்து கணவரின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

அப்புத்துரை கம்பியைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். முப்பத்தோரு வருடப் பழக்கம் தாளின் பக்கமே சாய்ந்தது.

"கம்பியில ஏதோ கோளாறு," என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பக் கையைக் கொண்டுபோனார்.

எண்ணெய் இல்லாமல் அந்த எஞ்சின் பாலம் வரைக்கும்கூட உயிரோடு போயிருக்காது. வழியிலேயே ஓரமாக நிறுத்தி, நானூறு பணியாரத்தோடு இழுவை வண்டிக்குக் காத்திருந்திருப்பார்கள். குவாந்தானில் லோகேஸ்வரி அந்த அண்ணனின் வாசலில் நின்றிருப்பாள். புஷ்பராணி சன்னலுக்குள் கையை விட்டார். கணவரின் விரல் சாவியைத் தொடுவதற்குள் அதை உருவி, கைப்பைக்குள் போட்டார். உள்ளே கிடந்த நட்டில் பட்டு அது கிணுங்கென்றது.

பிறகு சுலைமானைக் கூப்பிட்டார்.

சுலைமான் சாரமும் சட்டையுமாக வந்தார். சுபுஹ் என்னும் விடிகாலைத் தொழுகை முடித்து, பெங்கெலைத் திறந்து, அங்கிருந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு வர இருபத்தைந்து நிமிடமானது. வந்தவர் கேனைப் பார்த்தார், அப்புத்துரையைப் பார்த்தார். அடியில் கையை விட்டு லீவரைத் திருப்பினார். அது மூடிக்கொண்டது. அந்த வேலைக்கு இரண்டு விநாடி ஆனது.

"மேல ஊத்துறப்ப கீழ பாத்தீங்களாண்ணே?"

"ஏழாம் நம்பர்ல..."

"நம்பர் கெடக்கட்டும்ணே. கீழ பாத்தீங்களா?"

அப்புத்துரை தாளை மடித்துப் பையில் வைத்தார். ஆனால் சுலைமான் புட்டியைத் திறந்தபோது வாய் திறந்தார். "இந்த பிராண்டு என் ஃபைல்ல இல்லையே. கேன்ல இருக்கிறதையே திரும்ப ஊத்தலாம்ல? புதுசுதானே."

"சவர்க்காரக் கேன்ணே. ஊத்தினா எஞ்சின் நுரை தள்ளும். வேணும்னா வழில தட்டு கழுவிக்கலாம்."

"ஊத்துங்க தம்பி," என்றார் புஷ்பராணி.

சுலைமான் ஊற்றும் வரை புஷ்பராணி குனிந்து அடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, கம்பியை இரண்டு பேரும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் கைப்பையிலிருந்து சாவி வெளியே வந்தது. ஏழு இருபதுக்கு, சந்திரசேகரன் மாடியிலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டி வழியனுப்ப, மோட்டார்ஹோம் புறப்பட்டது. அவ்வளவு உற்சாகமாக அந்தத் தம்பதியை யாரும் வழியனுப்பியதில்லை. அது திருப்பத்தில் மறைவதற்குள் அவர் தன் காரை எடுக்க ஓடினார்.

பாலத்தைத் தாண்டும்போது அப்புத்துரை சொன்னார். "வால்வு மேல தப்பு இல்ல."

"ஓம். வால்வில பிழை இல்ல," என்றார் புஷ்பராணி. குவாந்தான் போய்ச் சேரும் வரைக்கும் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் மண்டபத்தில் பாதிப் பேருக்கு வால்வைப் பற்றித் தெரிந்துவிட்டது. படுக்க வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம், கையில் ஒரு சொட்டுப் படாது. சனிக்கிழமை காலையைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. பந்தி முடிவதற்குள் இரண்டு பேர் தங்கள் காருக்கும் ஒன்று வேண்டும் என்று கடை விலாசம் கேட்டார்கள். முட்டாள்தனம் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் ஆலோசனை கேட்க ஆள் கிடைக்கும்.

ஒன்பதரைக்குத் திருமணப் பதிவாளர் மேசை போட்டு உட்கார்ந்தார். சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்புத்துரை. மாப்பிள்ளை இன்னும் வழியில் இருந்தார். பெண் அறைக்குள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அப்புத்துரை மேசையருகே போய், பதிவுப் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க போடணும்? இப்பவே போட்டுட்டா உங்களுக்கும் வேலை மிச்சம்."

பதிவாளர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் புஷ்பராணி வந்து அந்தப் பேனாவை வாங்கினார். சட்டைப் பையில் இருந்த வெளிறிய நீலத்தையும் எடுத்தார். இரண்டும் கைப்பைக்குள், நட்டுக்கும் திரும்ப வாங்கி வைத்திருந்த சாவிக்கும் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன.

"தாலி கட்டினாப் பிறகு தாறன்," என்றார்.

பத்து மணிக்கு மேடையில் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கைக்கு மேல் வைத்தார் அப்புத்துரை. புஷ்பராணி பக்கத்தில் நின்று செம்பைச் சாய்த்தார். கீழே உட்கார்ந்திருந்த லோகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அண்ணன் மூன்றாவது வரிசையில் கைகட்டிக்கொண்டு விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். அவர் வாசலுக்கு யாரும் போகவில்லை.

தண்ணீர் விழத் தொடங்கியது. அப்புத்துரை, சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணின் கையை விடாமலே இடுப்பை வளைத்துக் குனிந்தார். மூன்று கைகளுக்கும் அடியில் தாம்பாளம் இருக்கிறதா, தண்ணீர் அதில்தான் விழுகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"ஐயா, நிமிர்ந்து நில்லுங்கோ," என்றார் குருக்கள்.

அவர் நிமிரவில்லை. கடைசிச் சொட்டு விழும் வரைக்கும் பார்த்தார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். பட்டு வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு, திரும்பிப் போகும் பயணத்துக்கான தாளை விரித்துவைத்துக்கொண்டு மனைவியிடம் பேனா கேட்டார். கைப்பையின் வாய் திறக்கவில்லை.